திண்ணைப் பள்ளியும் ஆங்கில வகுப்பும்

தமிழ்த்துறை மலரில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய கட்டுரை எதற்கு எனச் சிலர் வினவலாம். ஆங்கில வகுப்பில் வாய்திறக்க அஞ்சும் மாணவரே நம் வகுப்பிலும் அமர்ந்துள்ளனர். பாபநாசத்திலிருந்தும் ஒரத்தநாட்டிலிருந்தும் பேருந்தேறி வரும் அவர்களுள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். பாடம் அறிந்தும், வேலைக்கான நேர்முகத் தேர்வில் நாவெழாது திரும்புகின்றனர். அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஒரு மணி நேரத்தைப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு நிமிடமே கிட்டும். ஆசிரியர் பேசியது போக எஞ்சுவன சில நொடிகளே. பேசிப் பழகாமல் மொழி வருமா?

இச்சிக்கல் புதிதன்று. இதற்குத் தமிழகம் கண்ட தீர்வு ஒருகாலத்தில் கடல் கடந்தும் சென்றது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைகள் காப்பகப் பள்ளியின் பொறுப்பேற்றார். நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்த விழைந்தார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே எட்டு வயது மாணவன் ஒருவனைக் கொண்டே பிறர்க்கு எழுத்துக் கற்பித்தார். அவரது அறிக்கை 1797இல் இலண்டனில் வெளிவந்தபின், இது ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்று இங்கிலாந்தில் பரவியது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த பணியும் இதுவே. இடைக்கால மதரஸாக்களிலும், ஆசிரியர் நடத்திய பாடத்தை மாணவரோடு மீண்டும் ஓதி விளக்க ‘முஈத்’ என்னும் துணைவர் இருந்தார்.

ஒருவன் பிழையை மற்றவனும் கற்றுக்கொள்ள மாட்டானா எனும் ஐயம் நியாயமானதே. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடந்த பெங்களூர்த் திட்டத்தில், என். எஸ். பிரபு குழுப்பணியை முதன்மையாகக் கொள்ளவில்லை. ஆசிரியர் முதலில் வகுப்பு முழுவதோடும் பேசி, கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றில் எழும் ஒரு வினாவுக்கு விடை காண்பார். பின்னர் அதுபோன்ற வேறொன்றை மாணவர் தனித்தே செய்வர்.

இவ்விரண்டையும் நாம் இணைக்கலாம். தஞ்சை–நாகூர் இரயில் நேரங்களைக் கரும்பலகையில் எழுதி, ஆசிரியர் முதலில் ஆங்கிலத்திலேயே வினவி விடை பெறட்டும். பின்னர்ப் பத்து நிமிடம் மாணவர் இருவர் இருவராகக் கேட்டுச் சொல்லட்டும். சில நொடி பேசியவர்க்கு ஐந்து நிமிடம் கிட்டும். ஒருவரே என்றும் சட்டாம்பிள்ளையாகிவிடாதபடி இணைகளை மாற்றுதல் வேண்டும். வரிசைகளிடையே நடந்து பிழைகளைக் குறித்துக்கொள்ளும் ஆசிரியர், இறுதியில் எவர் பெயரையும் சுட்டாது பொதுவில் திருத்தட்டும்.

நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் பயிரைப் பிரித்து நட்டால்தான் தூர் கட்டும். காவிரிக் கரையில் வாழும் நமக்கு இதனை எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை.