பலூன் அனுப்பும் தந்தி

செய்தி அலுவலகங்களில் டெலிபிரிண்டர் யந்திரங்கள் ஓயாது தட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த ஓசை அடங்கிவிட்டது. ஆனால் அந்த யந்திரங்களின் முறை மறைந்துவிடவில்லை. உள்ளங்கையில் அடங்கும் மைக்ரோகண்ட்ரோலர் இன்று அதே முறையில் வானொலி வழியே எழுத்துக்களை அனுப்பவல்லது.

இதற்கு ஓர் உதாரணம் காண்போம். பிரிட்டனில் ஆர்வலர்கள் சிலர் கருவிப்பெட்டியைப் பலூனில் கட்டி, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்புகின்றனர். பலூன் வெடித்தபின் பெட்டி பாராசூட்டின் துணையால் இறங்குகிறது. அது இறங்கும் இடத்தைப் பெட்டியே அறிவித்தாலன்றி, தேடிச் செல்வோர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். அறிவிப்பதற்கோ, 10 மில்லிவாட் ஆற்றலுள்ள சிறு ஒலிபரப்பி ஒன்றே உண்டு.

அது பேசும் விதம் எளிமையானது. மைக்ரோகண்ட்ரோலர் மின்னழுத்தத்தைச் சிறிது மாற்ற, ஒலிபரப்பியின் அலைவரிசையும் சில நூறு ஹெர்ட்ஸ் விலகுகிறது. கீழே ரேடியோவில் இரண்டு ஸ்வரங்கள் மாறி மாறிக் கேட்கின்றன. ஒன்று 'உண்டு' என்பதற்கு. மற்றது 'இல்லை' என்பதற்கு. எழுத்தின் தொடக்கத்தை அறிவிக்க ஒரு கூறு, எழுத்துக்கு ஏழு, முடிவுக்கு இரண்டு எனப் பத்துக் கூறுகள். ஒவ்வொன்றும் 20 மில்லிசெகண்டு நீடிப்பதால், ஒரு செகண்டில் ஐந்து எழுத்துக்கள் செல்லும்.

இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். அனுப்புவோனுக்கும் பெறுவோனுக்கும் பொதுவான கடிகாரம் இல்லை. தொடக்கக் கூற்றைக் கேட்டதும் பெறுவோன் தன் கணக்கைத் தொடங்கி, ஒவ்வொரு கூற்றின் நடுவிலும் ஸ்வரத்தை நோக்குகிறான். கூறு 20க்குப் பதிலாக 22 மில்லிசெகண்டு நீடித்தால் என்னவாகும்? எழுத்தின் ஏழாம் கூற்றை அவன் நோக்கும் வேளையில், ஆறாவதே இன்னும் முடிந்திராது. எழுத்து பிழையாகும்; இட எண்ணில் ஓர் இலக்கம் மாறினால், தேடுவோர் வேறோர் ஊருக்குப் போய்ச் சேருவர்.

மேலே கடுங்குளிர். மைக்ரோகண்ட்ரோலருக்குள்ளேயே அமைந்த எளிய கடிகாரம் அக்குளிரில் பிசகக்கூடும். ஆகவே குவார்ட்ஸ் படிகத்தால் இயங்கும் கடிகாரத்தைப் பொருத்துவதே நலம். வேறு வேலைகளுக்கிடையே கூறுகள் தாமதமாகாதபடி, அவற்றை அனுப்பும் பொறுப்பை டைமரிடமே ஒப்புவித்தலும் வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் இரைச்சலால் பிழை நேரலாம். அதனால் செய்தியின் முடிவில் ஒரு சோதனை எண்ணையும் சேர்த்து அனுப்புகின்றனர். கணக்கு ஒவ்வாத செய்தியை ஏற்பதில்லை. தவறான செய்தியை நம்பி அலைவதினும், அடுத்த செய்திக்காகச் சிறிது பொறுத்திருப்பது மேலன்றோ!