மூடிய பெட்டி வழியில் திறப்பது ஏன்?

திருப்பூரில் பனியன் பெட்டியை மூடுகிறவர் மேல்மடிப்புகளை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் டேப்பை இழுத்து ஒட்டுவார். கையை எடுத்தால் மடிப்பு எழும்பப் பார்க்கும். பெட்டி லாரி ஏறி, கன்டெய்னருக்குள் அடைந்து, கடல் தாண்டும் வரை அந்த எழும்பல் ஓய்வதில்லை. அத்தனை நாளும் அதை அடக்கிவைப்பது, டேப்பின் அடியில் தலைமுடியைவிட மெல்லியதாகப் பூசிய பசை.

டேப் வாங்கும்போது அகலம், நீளம், விலை எல்லாம் கேட்கிறோம். பசை என்ன வகை என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

பழுப்பு டேப்போ கண்ணாடி டேப்போ, மேலே இருப்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான பாலிபுரோப்பிலீன் தாள். வித்தியாசம் அடியில். நீரில் கலந்து பூசி உலர்த்துவது அக்ரிலிக் பசை. செயற்கை ரப்பரையும் பிசினையும் உருக்கிச் சூட்டோடு பூசுவது ஹாட்மெல்ட். இயற்கை ரப்பரைக் கரைத்துப் பூசுவது இன்னொன்று.

ஹாட்மெல்ட் தொட்டவுடன் கவ்விக்கொள்ளும். வேகமாக ஓடும் பாக்கிங் மெஷினுக்கு இது நல்ல தோழன். ஆனால் சூடு இதற்கு ஆகாது. சித்திரை வெயிலில் தகரக் கூரை குடோனுக்குள் நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். பசை இளகும், மடிப்பு இழுக்கும், டேப் மில்லிமீட்டர் கணக்கில் நகரும். ஒரு வாரம் கழித்து பெட்டி வாயைப் பிளந்திருக்கும்.

அக்ரிலிக் நேர்மாறு. ஒட்டியவுடன் இழுத்தால் லேசாக உரிந்துவிடும். முழுப் பிடிப்பு வர ஒரு நாள்கூட ஆகலாம். பிடித்துவிட்டால் வெயிலுக்கும் வயதுக்கும் எளிதில் அசையாது. ரப்பர் பசை அப்படியல்ல. நூலகப் புத்தகத்தில் கிழிந்த பக்கத்துக்கு ஒட்டிய பழைய டேப் மஞ்சளாகி, தாள் மட்டும் கழன்று, கறை மிஞ்சியதைப் பார்த்திருப்போம். ரப்பர் பசை காற்றோடும் ஒளியோடும் சேர்ந்து கெட்டதன் அடையாளம் அது. மாதக்கணக்கில் அடுக்கிவைக்கும் சரக்குக்கு அக்ரிலிக்கே ஏற்றது.

பழைய காகிதத்தை அரைத்துச் செய்த அட்டை வேறு சிக்கல். மேற்பரப்பில் குட்டை நாரும் தூசியும் இருப்பதால் பசை அட்டையைத் தொடாமல் தூசியைத்தான் தொடுகிறது. அந்த மேடுபள்ளத்துக்குள் இறங்கிப் பிடிப்பதில் ரப்பர் பசைகள் கெட்டி.

உறைந்த இறால் பெட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். மைனஸ் 18 டிகிரியில் சாதாரணப் பசை விறைத்து, பிடிப்பை விட்டுவிடும். குளிருக்கென்றே செய்த அக்ரிலிக் டேப் வேண்டும். அட்டையில் பனி படிந்திருந்தால் அதுவும் பயன்படாது.

விலை உயர்ந்த பொருளுக்குத் தண்ணீர் தடவி ஒட்டும் காகித டேப் உண்டு. அதன் ஸ்டார்ச் பசை அட்டை நாருக்குள்ளேயே ஊறிவிடும். பிரிக்க வேண்டுமென்றால் அட்டையைக் கிழித்தாக வேண்டும். வழியில் யாராவது கைவைத்தால் மறைக்க முடியாது.

மொத்தமாக வாங்கும் முன் ஒரு ரோலைச் சோதித்துவிடலாம். அனுப்பப்போகும் அட்டையிலேயே ஒரு துண்டு ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அழுத்தம் இல்லாமல் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. ஒரு நாள் குடோனிலேயே வைத்துவிட்டு, மத்தியான வெயிலில் உரித்துப் பார்க்க வேண்டும். அட்டையின் நார் டேப்போடு பிய்ந்து வந்தால் அந்த ரோலை வாங்கலாம். டேப் சுத்தமாக வந்தால், அது அந்தப் பெட்டிக்கு ஆகாது.