ஹார்டு டிஸ்க் மாற்றியதும் லேப்டாப் எழவில்லையா? ஃபார்மட் செய்யும் முன் படியுங்கள்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் வழங்கப்பட்ட லேப்டாப்களில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அன்னூர் போன்ற ஊர்களில் அண்ணன் வாங்கி வந்ததைத் தங்கை இன்றும் பயன்படுத்தும் வீடுகள் உண்டு. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி பொருத்தினால் இவை மீண்டும் வேகம் பெறும். ஆனால் பொருத்தியதும் பலர் பார்ப்பது கறுப்புத் திரையில் ஒரு வரி ஆங்கிலம்தான். "எல்லாம் போச்சு, ஃபார்மட் செய்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. நிக்காஹ் புகைப்படங்களும், அத்தாவின் கடைக் கணக்கும், பிள்ளைகளின் புராஜெக்டும் அப்படியே இருக்கும். கணினிக்கு வழிதான் தெரியவில்லை.

அந்த வழியைக் காட்டுவது பூட்லோடர் என்னும் சிறு நிரல். லினக்ஸில் இதன் பெயர் கிரப். பழைய பயாஸ் கணினிகளில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளில் இதன் தொடக்கம் இருக்கும். அதில் நிரலுக்கு 446 பைட்டுகள், பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64, அடையாளக் குறிக்கு 2. பார்ட்டிஷன்களை மட்டும் நகலெடுத்தால் இந்தப் பகுதி புதிய டிஸ்க்குக்கு வராது. மேலும், ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் யூயூஐடி என்ற நீண்ட அடையாள எண் உண்டு. புதிதாகப் பார்ட்டிஷன் உருவாக்கி, கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் அந்த எண் மாறிவிடும். கிரப் பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும்.

திரையில் வரும் செய்தியே கோளாறு எங்கே என்று சொல்லிவிடும். "ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" என்றால் பூட்லோடரே இல்லை, அல்லது பயாஸில் பூட் வரிசை தவறு. "நோ சச் டிவைஸ்" என்று வந்து "கிரப் ரெஸ்க்யூ" என நின்றால், கிரப் இருக்கிறது, முகவரி பழையது. மெனு வந்தபின் ஒன்றரை நிமிடம் காத்திருந்து நின்றுபோனால், எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய எண் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

சரிசெய்யும் முறை இதுதான். லினக்ஸ் லைவ் பென்டிரைவ் ஒன்றில் கணினியைத் தொடங்குங்கள். டெர்மினலில் 'பிஎல்கேஐடி' கட்டளை கொடுத்தால் புதிய யூயூஐடி எண்கள் தெரியும். டிஸ்க்கின் அளவைப் பார்த்து, சரியான டிஸ்க்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். லினக்ஸ் இருக்கும் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் ஆகிய மூன்று அடைவுகளையும் அதனுடன் இணைத்து, 'சிஎச்ரூட்' மூலம் உள்ளே செல்லுங்கள். முதலில் எஃப்எஸ்டேப் கோப்பில் புதிய எண்களை எழுதுங்கள். ஸ்வாப் பார்ட்டிஷனின் எண்ணையும் மறக்க வேண்டாம். அடுத்து 'கிரப்-இன்ஸ்டால்', கடைசியாக 'அப்டேட்-கிரப்'. பயாஸ் கணினியில் கிரப்பை நிறுவும்போது முழு டிஸ்க்கின் பெயரையே கொடுக்க வேண்டும். அதாவது எஸ்டிஏ, எஸ்டிஏ1 அல்ல.

மெனுவில் விண்டோஸ் காணாமல் போயிருந்தால் பயப்பட வேண்டாம். கிரப் 2.06 முதல் பிற இயங்குதளங்களைத் தேடும் 'ஓஎஸ்-புரோபர்' இயல்பாக அணைத்து வைக்கப்பட்டுள்ளது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டு, மீண்டும் 'அப்டேட்-கிரப்' கொடுத்தால் போதும்.

புதிய லேப்டாப்களில் யூஇஎஃப்ஐ முறை உள்ளது. இதில் பூட்லோடர் ஃபேட்32 வகையிலான தனி பார்ட்டிஷனில் ஒரு கோப்பாக இருக்கும். அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். எனவே பென்டிரைவையும் யூஇஎஃப்ஐ முறையிலேயே தொடங்கி, அந்தப் பார்ட்டிஷனையும் மவுண்ட் செய்த பிறகே கிரப்பை நிறுவ வேண்டும். விண்டோஸ் மட்டும் உள்ள கணினி என்றால், அதன் நிறுவல் பென்டிரைவில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'பிசிடிபூட்' கட்டளை மூலம் பூட் கோப்புகளை மீண்டும் உருவாக்கலாம். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால், டிஸ்க்கைக் கழற்றும் முன்பே மீட்புச் சாவி எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்கள், குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுக்கலாம். பூட்லோடரும் யூயூஐடி எண்களும் சேர்ந்தே வந்துவிடும். ஆனால் புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. நகலெடுத்த பின் இரண்டு டிஸ்க்குகளையும் ஒரே கணினியில் மாட்டித் தொடங்கவும் கூடாது. ஒரே எண் இரண்டு இடத்தில் இருந்தால், எதைத் திறப்பது என்று கணினி குழம்பும்.

கடைக்குக் கொடுப்பதாக இருந்தாலும், "டேட்டா அப்படியே வேண்டும், பூட்லோடரை மட்டும் சரிசெய்யுங்கள்" என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கைக் கையோடு திரும்ப வாங்கி, புதியதில் எல்லாக் கோப்புகளும் திறக்கின்றனவா என்று பார்த்து முடிக்கும்வரை அதை அழிக்காமல் பத்திரமாக வைத்திருங்கள்.