கொதித்த லாரியும் குளிர்ந்த ஹீட்டரும்

தறியில் ஓர் இழை அறுந்தவுடன் முடிந்துவிட்டால் சேலை பிழைக்கும். வரப்பில் நண்டு வளை தோண்டியவுடன் அடைத்துவிட்டால் வயலில் நீர் நிற்கும். இதை நெசவாளரும் அறிவர், விவசாயியும் அறிவர். ஆயினும் நமது சங்கத்தின் பழைய லாரி விஷயத்தில் நாம் இதை மறந்தோம். அதனால் நேர்ந்த நஷ்டத்தையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பது நமது கடமையாகும்.

சென்ற தை மாதத்தில் நமது லாரி கைத்தறித் துணிப் பொதிகளையும் உர மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறிற்று. திரும்பும்போது தாளவாடியில் அறுத்து வைத்திருந்த முட்டைக்கோஸை ஏற்றி வருவதாக ஏற்பாடு. அப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பாதித் தூரம் ஏறுவதற்குள் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. சிறிது நேரத்தில் தானாகவே கீழே இறங்கிற்று. சூடு தணிந்துவிட்டது என்று எண்ணி ஓட்டுநர் மேலும் இரண்டு வளைவுகள் ஏறினார். அதற்குள் ஆவி சீறியெழ, என்ஜின் நின்றுவிட்டது.

முள் இறங்கியது சூடு தணிந்ததால் அன்று. வெப்பத்தை அளக்கும் உறுப்பு நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நீர் வற்றியதும் அது வெறும் ஆவியில் நின்று பொய் சொல்லிற்று. மாற்று வண்டி பிடித்துத் தாளவாடி சேர்வதற்கு இரண்டு நாட்கள் ஆயின. முட்டைக்கோஸில் பெரும் பகுதி வாடி, பாதி விலைக்குப் போயிற்று. என்ஜினின் மேல்மூடி வளைந்து, அதன் கீழுள்ள கேஸ்கட்டும் எரிந்துபோனபடியால், பழுது பார்க்கும் செலவு தனியே வந்து சேர்ந்தது.

ஹீட்டர் சொன்ன செய்தி

இந்த விபத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. மேட்டு நிலத்தின் குளிருக்காக ஓட்டுநர் அறையில் ஒரு பழைய ஹீட்டர் பொருத்தப்பட்டிருக்கிறது. அது சூடான காற்றுக்குப் பதில் குளிர்ந்த காற்றை வீசுவதாக ஓட்டுநர் சொன்னார். “நம் பக்கத்துக்கு ஹீட்டர் எதற்கு?” என்று நாம் சிரித்துவிட்டோம். பிழை அங்கேதான் தொடங்கிற்று.

ஹீட்டர் என்பது ஒரு சிறிய ரேடியேட்டரே. என்ஜினில் சூடேறிய நீர் அதனுள் சுற்றி வர, ஒரு மின்விசிறி அச்சூட்டை அறைக்குள் தள்ளுகிறது. பெரும்பாலான வண்டிகளில் இது சற்று உயரமான இடத்தில் இருப்பதால், நீர் குறையும்போது காற்று முதலில் இங்கேதான் வந்து அடைகிறது. ஆகவே, ஹீட்டர் குளிர்ந்தால் முதலில் ரேடியேட்டரில் நீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

மட்டம் சரியாக இருந்தால், என்ஜின் சூடேறிய பிறகு ஹீட்டருக்குச் செல்லும் இரு ரப்பர்க் குழாய்களையும் மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், ஹீட்டருக்குள் அடைப்பு அல்லது அதன் வால்வு மூடிக்கிடக்கிறது. இரண்டும் குளிர்ந்திருந்தால், காற்றுத் தேக்கமோ, திறந்தே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட்டோ காரணமாகலாம். அறைக்குள் இனிப்பு வாடை வீசுதல், மிதியடி ஈரமாதல், முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம் படர்தல் ஆகியவை ஹீட்டரே கசிகிறது என்பதற்கு அடையாளம்.

காரணத்தைத் தேடும் முறை

நமது வண்டியில் கசிந்தது வாட்டர் பம்ப். அதன் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளிருக்கும் சீல் தேய்ந்தால் அத்துளை வழியே நீர் சொட்டும். ஓடும் என்ஜினின் சூட்டில் அது உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால் தரையில் ஈரம் தெரியவில்லை. வெண்மையான கறை மட்டுமே படிந்திருந்தது. நாள்தோறும் ஒரு செம்பு நீர் ஊற்ற நேர்ந்தபோதே நாம் அக்கறையைத் தேடியிருக்க வேண்டும்.

ரேடியேட்டரின் வெளிப்புறத்தையும் நாம் கவனிக்கவில்லை. பஞ்சும் வைக்கோலும் ஏற்றும் வண்டியாதலால், தகடுகளின் இடையே பஞ்சுத் தூசு அடைந்து காற்றைத் தடுத்தது. இதை என்ஜின் பக்கத்திலிருந்து முன்புறம் நோக்கி, மிதமான வேகத்தில் நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் தூசு இன்னும் உள்ளேதான் போகும்.

விசிறி பெல்ட் தளர்ந்திருந்தாலும், ரேடியேட்டரின் கீழ்க்குழாய் மெலிந்து, உறிஞ்சும் வேகத்தில் ஒட்டிக்கொண்டாலும் சூடு ஏறும். ரேடியேட்டர் மூடியும் அற்பப் பொருளன்று. அது உள்ளே அழுத்தத்தைக் காப்பதால்தான், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதியாமல் நிற்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புதியது வாங்குவதே சிக்கனம்.

சூடு ஏறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. இது தவறு. அது இல்லாவிட்டால் என்ஜின் உரிய சூட்டை அடையாமல் டீசலைத் தின்னும், தேய்மானமும் கூடும். சில என்ஜின்களில் நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே சுற்றி, சூட்டை அதிகப்படுத்தவும் செய்யும். சந்தேகமிருப்பின், பாத்திரத்து நீரில் அதைத் தொங்கவிட்டுக் காய்ச்சிப் பார்க்கலாம். அதன்மேல் பொறித்துள்ள வெப்பநிலையை (பல வண்டிகளில் சுமார் 82 டிகிரி) ஒட்டித் திறக்கத் தொடங்கினால் அது நல்லது.

ரேடியேட்டரில் ஓயாது குமிழிகள் வந்தாலோ, என்ஜின் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்தாலோ, கேஸ்கட் போய்விட்டதென்று ஐயுற்று வண்டியை மேலும் ஓட்டாதிருப்பது நலம்.

என்ன நீர் ஊற்றுவது?

சாயத் தொட்டிக்கு உப்பு நீர் ஆகாது என்பதை நெசவாளர் நன்கறிவர். ரேடியேட்டருக்கும் அதே விதிதான். ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரை நாம் ஊற்றி வந்ததால் குழல்களில் சுண்ணாம்புப் பொருக்குப் படிந்திருந்தது. வடிநீருடன், வண்டித் தயாரிப்பாளர் குறிப்பிடும் கூலண்டைச் சரியான அளவில் கலப்பதே முறை. அது துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும்.

ஆனால் விவசாயிகளுக்கு ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான கூலண்டுகளில் உள்ள எதிலீன் கிளைக்கால் இனிப்பாயிருக்கும், கொடிய நஞ்சுமாகும். வடித்த கூலண்டை வாய்க்காலிலோ, மாட்டுத் தொட்டியின் அருகிலோ கொட்டலாகாது. மூடியுள்ள கலத்தில் சேர்த்து, குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாதபடி வைத்து, பழைய ஆயிலோடு கலக்காமல் முறைப்படி அகற்ற வேண்டும்.

வழியில் கொதித்தால்

வண்டியை ஓரமாக நிறுத்துக. ஹீட்டர் இருந்தால் முழுவதும் திறந்துவிடுக. அது என்ஜினின் சூட்டில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். நீர் போய்விட்டதென்று தெரிந்தால் என்ஜினை உடனே நிறுத்துக. குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுவதற்கு முன் மூடியைத் திறக்கலாகாது. அன்று நமது வண்டியின் கிளீனர் பையன் அவசரத்தில் மூடியில் கை வைத்தான். ஓட்டுநர் எட்டிப் பிடித்து இழுத்ததால் அவன் முகம் தப்பிற்று. ஆறிய பின்னும் தடித்த துணியைப் போர்த்தி, சிறிது திருகி, ஆவி அடங்கிய பிறகே முழுவதும் திறக்க வேண்டும். காய்ந்த என்ஜினில் குளிர்ந்த நீரைச் சட்டென்று ஊற்றினால் இரும்பு வெடிக்கும்.

இப்போது நமது லாரியில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். தினமும் எவ்வளவு நீர் ஊற்றப்பட்டது, ஹீட்டர் சூடாக வந்ததா என்ற இரண்டையும் ஓட்டுநர் எழுதுகிறார். வாரம் ஒருமுறை நிர்வாகக் குழுவினர் பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள். ஒரு பம்பின் சீலுக்குச் செலவிடத் தயங்கியதால், மூன்று குடும்பங்களின் ஒரு போக உழைப்பு வாடிற்று. லாரி சங்கத்தினுடையது, ஆகவே அதன் கசிவு ஒவ்வோர் அங்கத்தினர் பையிலும் விழுந்த ஓட்டையாகும். ஓட்டுநர் சொல்லும் சிறு குறையையும் சிரித்து ஒதுக்காமல் கேட்பதே நாம் கற்ற முதற் பாடம்.