சம்பாதித்த பிறகு கட்டட்டும்

காமராஜர் துறைமுகம், வடசென்னை அனல்மின் நிலையம், கப்பல் கட்டும் தளம், 2018இல் அதானி குழுமம் வாங்கிய துறைமுகம் என்று சென்னைக்கு வடக்கே கடலோரக் காட்டுப்பள்ளியைச் சுற்றிலும் கோடிகள் புழங்குகின்றன. சற்று வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. ஆனால் வலை போட்டும் ஒப்பந்தக் கூலிக்குப் போயும் பிழைக்கும் வீடுகளில், பிள்ளை பிளஸ் டூ தேறியதுமே ஒரு கவலை வந்துவிடுகிறது. கல்லூரிக்குப் பணம் யார் கட்டுவது?

அரசு தரும் கை

இந்தக் கவலையைக் குறைக்கத் தமிழ்நாடு நிறையவே செய்திருக்கிறது. பொன்னேரி அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு 2010 முதல் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை உண்டு. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களை 2021 முதல் அரசே ஏற்கிறது. 2022இல் வந்த புதுமைப் பெண், 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தகுதியுள்ள கல்லூரி மாணவ மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்த உயரத்துக்கு இத்தகைய உதவிகளுக்கும் பங்குண்டு.

வங்கி வாசலில்

அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள், ஒதுக்கீட்டுக்குள் வராதவர்கள் தனியார் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். அங்கே கல்விக் கடனே வழி. 7.5 லட்சம் வரை ஈடு தேவையில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் கால வட்டிக்கு மானியமும் உண்டு. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி கடன் திட்டம் நல்லதுதான். ஆனால் அது தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களுக்கு மட்டும்; ஒப்புதலின்போது அவை 860. நாட்டிலோ 40,000க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன.

சிக்கல் தவணை தொடங்கும்போது வருகிறது. வேலை கிடைத்ததா, கிடைத்தது நிரந்தரமா, மாதம் எவ்வளவு கைக்கு வருகிறது என்று தவணை பார்ப்பதில்லை. ஒப்பந்த வேலையில் சேர்ந்த பட்டதாரிக்கும் ஐடி நிறுவனத்தில் சேர்ந்தவருக்கும் அதே கெடு. தவறினால் சிபில் மதிப்பெண் சரிகிறது. இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்ட அப்பாவையும் நோட்டீஸ் தேடி வருகிறது.

மற்ற நாடுகள் கண்ட வழி

1989இல் ஆஸ்திரேலியா வேறு விதமாக யோசித்தது. மாணவர் படிக்கும்போது அரசு கட்டும். வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு வரித்துறை வழியாகத் திருப்பிச் செலுத்தலாம். வரம்பைத் தாண்டாதவரை யாரும் கேட்பதில்லை. வளரும் நாடுகளும் பல வழிகளைத் தேடின. கானா 2000இல் மதிப்புக்கூட்டு வரியின் ஒரு பங்கைக் கல்விக்கென்றே ஒதுக்கி நிதியம் அமைத்தது. இலங்கையின் மகாபொல அறக்கட்டளை 1981 முதல் உதவித்தொகை வழங்கிவருகிறது. பிலிப்பைன்ஸ் 2017இல் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணத்தை நீக்கியது.

ஆஸ்திரேலிய முறையை இங்கே கொண்டுவந்தால், முறைசாரா வேலைகள் மிகுந்த நாட்டில் வருமானத்தைக் கணக்கிடுவது கடினம் என்பார்கள். உண்மைதான். ஆனால் பான் எண்ணும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் பரவிவிட்ட இந்தியாவில், நிலையான சம்பளம் பெறுபவரை அடையாளம் காண்பது இன்று முடியாத காரியமல்ல. அந்தக் கணக்குக்குள் வராதவர்களில் பலர் வரம்பையே எட்டாதவர்கள். அவர்களிடமிருந்து திரும்பி வராத தொகையை அரசு ஏற்பதே நியாயம்.

பணம் எங்கே இருக்கிறது?

வருமான வரியோடு 4 சதவீத சுகாதார, கல்வி மேல்வரியை ஒன்றிய அரசு வசூலிக்கிறது. மேல்வரி என்பதால் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது; கல்லூரிகளை நடத்தும் சுமையோ பெரிதும் மாநிலங்களின் தலையில். லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடும்படி 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் பெரு நிறுவனங்களுக்குச் சொல்கிறது. மேல்வரியில் மாநிலத்துக்கு ஒரு பங்கும், காட்டுப்பள்ளி, கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளின் சமூக நிதியில் ஒரு பகுதியும் சேர்ந்தால், இந்தக் கரைப் பிள்ளைகளுக்கென்றே ஒரு கல்வி நிதியம் உருவாகும். நிலத்தையும் கடலையும் விட்டுக்கொடுத்த ஊர்கள் அதைக் கருணையாகக் கேட்க வேண்டியதில்லை, உரிமையாகக் கேட்கலாம்.

பட்டதாரியால் பலன் பெறுவது அவர் வீடு மட்டுமல்ல, வேலை கொடுக்கும் நிறுவனமும் வரி வாங்கும் அரசும்தான். செலவையும் அப்படியே பகிர்ந்துகொள்ள வேண்டும். மாணவரின் பங்கை அவர் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு கேட்கட்டும்.