உதிர்ந்த கொம்பு

மாட்டின் தலையில் இருப்பதையும் மானின் தலையில் இருப்பதையும் கொம்பு என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மாட்டின் கொம்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்திருப்பது; மானின் கொம்போ முளைத்து, முற்றி, உதிர்வது. நம் நாட்டு மரையும் புள்ளிமானும் கொம்பு உதிர்ப்பவையே. இதனை வகுப்பறையில் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உதிர்ந்த கொம்பொன்றைத் தேடிச் செல்லும் வாய்ப்பு, ஓய்வுபெற்ற பின்னரே, அதுவும் உறைபனிக் காட்டிலே, எனக்குக் கிட்டியது.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்தில் என் மகன் வாழ்கிறான். மானினத்திலே மிகப் பெரியதாகிய மூஸ், அலாஸ்காவுக்கு அடுத்தபடியாக அந்நாட்டில் மிகுந்திருப்பது அங்கேதான். ஆறடி உயரத்தில் தோள். அதற்கும் மேலே, அகல விரித்த இரு கைகள் போன்ற கொம்புகள். ஆணுக்கு மட்டுமே அவை உண்டு. இளவேனிலில் முளைவிட்டு, மென்மயிர்த் தோல் போர்த்து வளர்ந்து, செப்டெம்பரில் தோலுரிந்து வெளிப்படும். ஐந்து மாதங்களுக்குள் அவ்வளவு எலும்பை ஆக்குவதற்கு உண்ணும் தழை போதாது. தன் விலாவெலும்பிலிருந்தே சுண்ணச்சத்தைக் கடன் வாங்குகிறது அவ்விலங்கு. துணை தேடும் பருவம் ஒக்டோபரில் முடிந்தபின் உடலின் சுரப்பு குறைகிறது. கொம்பின் அடியில் எலும்பு கரைகிறது. முதிர்ந்த ஆண்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் கொம்பிழந்து நிற்கின்றன.

என் மகனின் அயலவர் ஒருவர், முன்னாளில் மரம் வெட்டி வாழ்ந்த முதியவர், பனிக்காலத்தில் இக்கொம்புகளைத் தேடி விற்பவர். கத்திப்பிடி செய்வோரும், விளக்கு அலங்காரம் செய்வோரும், நாய்களுக்குக் கடிக்கக் கொடுப்போரும் அவற்றை வாங்குவர். ஒற்றைக் கொம்புக்கு ஒரு விலை. ஒரே விலங்கின் சோடி கிடைத்தாலோ மதிப்பு வெகுவாக உயரும். அவ்வாண்டு வீட்டை வெப்பமூட்டும் எண்ணெய்க்கு முதியவர் கடன்பட்டிருந்தார்.

ஜனவரி இறுதியில் ஒரு காலை, மூஸ்ஹெட் ஏரியை அடுத்த காட்டுக்குள் இருவரும் புகுந்தோம். பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைக் குளிர். பனியில் புதையாதிருக்க அகன்ற வலைச்சட்டங்களைச் சப்பாத்துகளின் கீழ்க் கட்டியிருந்தோம். கொம்பைத் தேடாதே, விலங்கின் வாழ்வைத் தேடு என்பது அவர் முதற் பாடம். நுனி கடிக்கப்பட்ட சுள்ளி, பல்லால் உரிக்கப்பட்ட பட்டை, படுத்தெழுந்த பள்ளம் ஆகியவற்றைப் பின்பற்றி மூன்று மணிநேரம் நடந்தோம். பனிமேட்டில் விரல்நுனிகள் போல நான்கு கூர்கள் தெரிந்தன. அவர் கையுறையால் பனியை விலக்கினார். பத்து இறாத்தலுக்குக் குறையாத கொம்பு. அதன் அடியில் குருதிக்கறை இன்னும் காயவில்லை.

சோடி அருகிலேயே இருக்க வேண்டும். குளம்புச் சுவடுகள் ஊசியிலை மரச்செறிவுக்குள் சென்றன. கிளையை விலக்கிப் பார்த்தவர் அசையாது நின்றார். முதுகில் பனி படிந்திருக்க, கொம்பற்ற தலையுடன் அசைபோட்டபடி படுத்திருந்தது அந்த மூஸ். அதற்கு அப்பால் சில முழத் தொலைவில், பனியில் பாதி புதைந்து கிடந்தது மற்றைக் கொம்பு.

அவர் கையசைத்து என்னைப் பின்வாங்கச் செய்தார். வெகுதூரம் வந்தபின்னரே வாய் திறந்தார்.

“அதை எழுப்பினால் ஆழப்பனியில் ஓடும், நண்பரே. இலையுதிர்காலத்தில் சேர்த்த கொழுப்புத்தான் அதன் வைப்புப் பணம். எனக்காக அதை ஏன் செலவழிக்க வேண்டும்?”

அவர் கூறியதன் ஆழத்தைப் பின்னர் அறிந்தேன். பனி பிந்தி விழும் ஆண்டுகளில் காட்டு உண்ணிகளுக்கு விலங்கின்மேல் ஏறிக்கொள்ள அதிக நாட்கள் கிடைக்கின்றன. ஒரே மூஸின் உடலில் பல்லாயிரம் உண்ணிகள் குருதி குடிக்கும். 2014 முதல் 2016 வரை மெய்ன், நியூஹாம்ப்ஷயர் காடுகளில் நடந்த ஆய்வில், கண்காணிக்கப்பட்ட கன்றுகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 மடிந்தன. வயோமிங் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலோ, பனிக்கால விலங்குகளைக் கலைக்காதிருக்க, ஜனவரி முதல் ஏப்ரல் வரை பொதுநிலங்களில் கொம்பு பொறுக்குவதைச் சட்டமே தடுக்கிறது. முதியவரைத் தடுக்க மெய்னில் அத்தகைய சட்டம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

1853இல் எழுத்தாளர் தோரோ இதே ஏரி வழியாகப் பயணம் செய்தார். உடன்வந்தவர் ஒரு மூஸைச் சுட்டு வீழ்த்தியதைக் கண்டு நொந்ததை அவர் எழுதிவைத்திருக்கிறார். கொல்லாமலே பெறக்கூடிய கொம்பைத் தேடி வந்த நான், அந்த நோவுக்கும் எனக்கும் தொடர்பில்லை என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

ஏப்ரல் இறுதியில், பனி கரைந்த பின், மீண்டும் சென்றோம். கொம்பு அங்கேயே கிடந்தது. ஆனால் சுண்ணச்சத்தை நாடிய எலிகளும் அணில்களும் அதன் கூர்களைக் கொறித்திருந்தன. சோடிக்குரிய விலை போயிற்று. முதியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

“இவற்றுக்கும் கடன் இருந்திருக்கும்” என்றார்.

அவருடைய கடன் எவ்வாறு தீர்ந்ததென்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. மானினம் கொம்பு உதிர்க்கும் என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்தேன். உதிர்ந்ததையும் உரிய காலம்வரை விட்டுவைக்க வேண்டும் என்பதை அந்த மரவெட்டியிடமே கற்றேன்.