அக்காள்மடத்திலிருந்து பலாலி எவ்வளவு தூரம்?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவாக அட்டவணைகள் தருவது, உருண்டையான பூமியின் மேற்பரப்பை ஒட்டி அவ்விரண்டையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளமாகும். பெருவட்டத் தொலைவு எனப்படும் இதனை விமானத் துறையினர் 1,852 மீட்டர் கொண்ட கடல் மைலில் அளக்கின்றனர். இக்கணக்கின்படி திருச்சிக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலிக்கும் இடையே சுமார் 185 கிலோமீட்டரே, அதாவது 100 கடல் மைலே உள்ளது. திருச்சியிலிருந்து சென்னை இதைவிட நூறு கிலோமீட்டர் அதிகத் தொலைவில் இருக்கிறது.

திருச்சி–பலாலி வழியில் 2025 மார்ச் இறுதியில் இண்டிகோ நிறுவனம் தொடங்கிய சேவையில் பறக்கும் ஏ.டி.ஆர். வகை விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகம் கொண்டது. வெறும் வகுத்தல் கணக்கில் 23 நிமிடத்திற்குள் பயணம் முடிந்துவிட வேண்டும். ஆயினும் கால அட்டவணை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தைக் குறிக்கிறது. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கி, மறு நிலையத்தில் நிற்கும்வரை ஆகும் மொத்த நேரமே அட்டவணை நேரம். அதில் ஓடுபாதைவரை ஊர்தல், உயரம் ஏறுதல், வேகம் குறைத்து இறங்குதல் ஆகியவை பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதால், முழு வேகத்தில் பறப்பதற்குச் சில நிமிடங்களே எஞ்சுகின்றன. நல்வாய்ப்பாக, கடிகாரத்தைத் திருத்தும் தேவை இங்கில்லை. 1996 முதல் இந்திய நேரத்தைவிட முந்தியிருந்த இலங்கை, 2006 ஏப்ரலில் மீண்டும் அதே நேரத்துக்குத் திரும்பிவிட்டது.

பாம்பன் தீவிலுள்ள அக்காள்மடத்தைப் புறப்படும் இடமாகக் கொண்டால் இக்கணக்கு அடியோடு மாறுகிறது. அங்கிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் சுமார் 105 கிலோமீட்டர்தான். ஆனால் அவ்வூரார் யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு விமானத்தில் செல்வதானால், பாம்பன் பாலத்தைக் கடந்து, சேரவேண்டிய திசையைவிட்டு விலகிச் சாலையில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் சென்று திருச்சியை அடைந்து, சுங்கச் சோதனைக்கும் குடியேற்றச் சோதனைக்கும் முன்கூட்டியே காத்திருந்து, பிறகே தென்கிழக்கு நோக்கிப் பறக்கவேண்டும். விமானத்தில் ஒரு மணி நேரம் கழிப்பதற்குத் தரையில் ஏறக்குறைய ஒரு பகல் கழிகிறது.

இத்தீவு எப்போதும் இப்படி ஒதுங்கிக் கிடக்கவில்லை என்பதே வருத்தத்திற்குரியது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டபின், ரயிலில் தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கப்பலில் கடந்து தலைமன்னாரில் மீண்டும் ரயில் ஏறுவது வழக்கமாயிருந்தது. இணைப்பு ரயிலை மக்கள் போட் மெயில் என்றே அழைத்தனர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. இலங்கைப் போர்ச் சூழலில் 1980களில் அதுவும் நின்றது. விமான வழியும் புதியதன்று. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குத்தான் பறந்தது. போரால் துண்டிக்கப்பட்ட அந்த இணைப்பு 2019இல், பலாலி பன்னாட்டு நிலையமானபோது மீண்டு, பெருந்தொற்றால் தடைப்பட்டு, 2022 டிசம்பரில் மறுபடியும் தொடங்கியது.

தீவுக்கு எதிரே உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம் இருப்பினும், அங்கிருந்து பயணிகள் விமானம் இல்லை. ராமேஸ்வரம் பகுதிக்கு விமான நிலையம் அமைக்கும் எண்ணத்தைத் தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்தது. அது வந்தாலும், சுங்கப் பிரிவும் குடியேற்றப் பிரிவும் அங்கே செயல்பட்டு, இரு அரசுகளும் சேவைக்கு இசைவளித்தால்தான், அக்காள்மடத்தார் திருச்சிக்குச் செல்லாமல் பலாலிக்குப் பறக்கமுடியும்.